மருந்து என்று எழுதிய பாட்டில்

எங்கள் வீட்டில் ஜாக்கிரதையான ஆள் ஒருவர்தான், என் கொழுந்தன். அடுப்பை அணைத்த பிறகும் குமிழைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். வெளியே கிளம்பினால் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், மனசு கேட்காமல் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார். அவருக்கு நான் 'ஜாக்கிரதை' என்றே பெயர் வைத்துவிட்டேன். "ஜாக்கிரதை வந்தாச்சா, தட்டு போடலாமா" என்று அவர் காதுபடவே கேட்பேன். சிரித்துக்கொள்வாரே தவிர, கோபித்துக்கொண்டது கிடையாது. என் வீட்டுக்காரர் அதற்கு நேரெதிர். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு வீடெல்லாம் பென்சிலைத் தேடுகிற ரகம்.

அண்ணன், தம்பி இருவரும் தச்சு வேலை செய்கிறவர்கள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. நான் தையல்காரி, முன்னறையில் மெஷின். இரண்டுக்கும் நடுவில் சமையலறை. யார் எங்கே போனாலும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அந்தச் சமையலறையில்தான் நாங்கள் எங்கள் மகளைக் கொல்லப் பார்த்தோம். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து, பாசமாக, மடியில் உட்கார வைத்து அதைச் செய்தோம்.

மகள் அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறவள். அவளை 'அணில்' என்று கூப்பிடுவோம். எதைக் கொடுத்தாலும் விழுங்க மாட்டாள், கன்னத்தில் அதக்கி வைத்துக்கொள்வாள். ஒரு வாய் ஊட்டிவிட்டு நான் ஒரு சட்டைக்குப் பித்தான் தைத்து முடித்துத் திரும்பினால், அந்த ஒரு வாய் அப்படியே கன்னத்தில் இருக்கும். "முழுங்கு" என்று நான் கத்தாத நாளே இல்லை. அக்கம்பக்கத்தில் என் குரலை வைத்தே எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தைத் தெரிந்துகொள்வார்கள்.

போன வருஷம் நாங்கள் செய்து கொடுத்த ஒரு கட்டில் உளுத்துப்போய்த் திரும்பி வந்தது. கட்டிலுக்கு அடியில் மாவு மாதிரிக் கொட்டுகிறது என்று அந்த வீட்டு அம்மா அதைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து காட்டினார். என் வீட்டுக்காரருக்கு முகம் செத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கடைக்காரர் சொன்ன புதுப் பொடியை வாங்கினார்கள். பழைய எண்ணெய் மருந்து என்றால் மூக்கைத் துளைக்கும். அதை அடித்த அன்று தெருவே நாறும், நாய்கூட வாசலில் படுக்காது. புதுசு அப்படி இல்லை. "நாத்தம் கிடையாது, புகை கிடையாது, கறை கிடையாது. உப்பு மாதிரி ஒரு பொடி, அவ்வளவுதான். தண்ணியில கரைச்சு மரத்துல தடவுங்க, உளு கிட்டயே வராது" என்றாராம் கடைக்காரர். மாவு போல வெள்ளையாக இருந்தது. தண்ணீரில் கரைத்தால் தண்ணீர் மாதிரியே ஆகிவிடும். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. நாறாத ஒன்றைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்?

பொடியை மூடி போட்ட டிரம்மில் கொட்டிவிட்டார்கள். காலிச் சாக்கு நல்ல கெட்டிச் சாக்கு. தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. எழுத்து இருக்கிற பக்கம் உள்ளே போகிற மாதிரி திருப்பி, காது வைத்து, ஒரு பை தைத்தேன். "அண்ணி, அது மருந்துச் சாக்கு, வேண்டாமே" என்றார் ஜாக்கிரதை. "மருந்து போயிடுச்சு, சாக்குதானே இருக்கு" என்று தண்ணீரில் ஓர் அலசு அலசினேன். அந்தப் பையில்தான் காய்கறி வாங்கி வந்துகொண்டிருந்தேன்.

அன்றைக்கு முந்தின நாளிலிருந்தே அணிலுக்கு வாந்தியும் வயிற்றால் போவதுமாக இருந்தது. டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி, உப்பும் சர்க்கரையும் கலந்த பொடிப் பாக்கெட்டுகள் கொடுத்தார். "தண்ணியில கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. போகப் போகக் குடுத்துக்கிட்டே இருக்கணும், விடக்கூடாது" என்றார். காலையில் ஒரு நீல மூடி பாட்டிலில் அதைக் கலக்கிச் சமையலறை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். ஒரு ஹோட்டல் ஆட்களுக்கு யூனிஃபார்ம் தைத்திருந்தேன், அன்றைக்கு அளவு சரிபார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஜாக்கிரதை பட்டறையில் ஏதோ இழைத்துக்கொண்டிருந்தார்.

ஹோட்டலில் வரிசையாக ஆட்கள். ஒருவர் பேன்ட்டின் கால் மடிப்பில் ஊசி குத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. என் வாயில் குண்டூசிகள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"மருந்து எங்க வெச்சிருக்க?"

ஊசிகளை உதட்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு, "சமையல்ரூம்ல. பாட்டில்ல. கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு உங்களுக்கு?" என்றேன்.

"ஆங், இருக்கு இருக்கு. மருந்துன்னு எழுதியே ஒட்டியிருக்கியே."

"ம்" என்றேன். வாயில் ஊசி இருந்தால் யாராக இருந்தாலும் 'ம்' என்றுதான் சொல்ல முடியும். அவர் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

கொஞ்ச நேரத்தில் மறுபடி போன். "குடுத்தேன். வாந்தி எடுத்துட்டா. கசக்குதாம், வேண்டாங்கிறா."

"வாந்தி எடுத்தா மறுபடி குடுக்கணும். டாக்டர் சொன்னது நினைவு இல்லையா?"

"வாயைத் திறக்க மாட்டேங்கிறா."

"ஒரு புள்ளைக்கு மருந்து குடுக்கத் துப்பு இல்ல. மூக்கைப் புடிச்சு ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். எதிரில் நின்றவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்றாவது போனில் அவர் குரலே மாறியிருந்தது. "நிக்கல. குடுக்கக் குடுக்க ஜாஸ்தியாகுது. வாந்தி ஒரு மாதிரி பச்சையா வருது. புள்ளை துவண்டு துவண்டு விழுறா. நீ வா." ஊசிகளை அந்த மனிதரின் காலிலேயே விட்டுவிட்டு வண்டி பிடித்தேன்.

உள்ளே நுழைந்தபோது அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். அணில் மடியில் கிடந்தாள், கண் பாதி திறந்திருந்தது. ஒரு கையால் அவள் தலையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் டம்ளரை அவள் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தார். "இன்னும் ஒரே ஒரு வாய்டா கண்ணு, அம்மா வந்துட்டா பாரு" என்று கெஞ்சினார். பக்கத்தில் நீல மூடி பாட்டில். அதன் மேல் ஒட்டியிருந்த வெள்ளை பிளாஸ்திரியில் பட்டையாக 'மருந்து' என்று எழுதியிருந்தது. புள்ளியை வட்டமாகச் சுழித்து எழுதிய கையெழுத்து. என் கையெழுத்து அப்படி இருக்காது.

நான் ஜன்னலைப் பார்த்தேன். நான் கலக்கி வைத்த நீல மூடி பாட்டில் வைத்த இடத்திலேயே இருந்தது. கழுத்து வரை தண்ணீர், மூடி திறக்கவே இல்லை. வெயில் பட்டுப் பளபளவென்று இருந்தது.

டம்ளரைத் தட்டிவிட்டேன். அது உருண்டு போய் வாசற்படியில் இடித்து நின்றது. அந்த நேரம் பார்த்து ஜாக்கிரதை கையில் புதுப் பிரஷ்ஷோடு பின்பக்கமாக வந்தார். தரையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார்.

"அண்ணே," என்றார். "அது மரத்துக்குண்ணே."

பிறகுதான் எல்லாம் தெரிந்தது. கட்டில் மூட்டுகளுக்குத் தடவ ஜாக்கிரதை அதே மாதிரி இன்னொரு பாட்டிலில் பொடியைக் கொஞ்சம் கெட்டியாகக் கலக்கியிருக்கிறார். குளிர்ந்த தண்ணீரில் சரியாகக் கரையாது என்று சமையலறை அடுப்பில் தண்ணீர் சுட வைத்து, கையுறை போட்டு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு கலக்கியிருக்கிறார். ஆறட்டும் என்று அடுப்பு மேடையில் வைத்திருக்கிறார். வெறுமனே விட்டால் தண்ணீர் என்று நினைத்து யாராவது குடித்துவிடுவார்களே என்று பிளாஸ்திரி ஒட்டி, பெரிய எழுத்தில் எழுதிவிட்டு, பிரஷ் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். எங்கள் வீட்டில் பொறுப்பாகச் செய்யப்பட்ட வேலை அன்றைக்கு அது ஒன்றுதான்.

நம் பேச்சைப் பாருங்கள். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து, மரத்துக்குத் தடவுவதும் மருந்து. பிழைக்க வைப்பதற்கும் சாகடிப்பதற்கும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இத்தனை காலம் எப்படித்தான் குடித்தனம் நடத்தினோமோ தெரியவில்லை.

கைக்குக் கிடைத்த பையில் அவளுடைய துணிகளைத் திணித்துக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு வாசலிலேயே நர்ஸ் கேட்டார், என்ன ஆச்சு என்று. பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி என் வீட்டுக்காரர் சொன்னார்: "மருந்து குடிச்சிட்டா."

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். யாரோ ஒரு அம்மா உச்சுக்கொட்டினார். மேசைக்குப் பின்னால் இருந்த போலீஸ்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். நர்ஸ் பிள்ளையை வாங்கிக் கட்டிலில் கிடத்தினார். பிறகு எங்கள் பக்கம் வந்து, என் தோளில் கை வைத்து, மெதுவாகக் கேட்டார். "நீங்க ரெண்டு பேரும் குடிச்சீங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "நாங்க எதுக்குக் குடிக்கணும், அவளுக்குத்தானே வயித்தால போகுது" என்றேன். நர்ஸ் கையை எடுக்கவில்லை, என் கண்ணையே பார்த்தார். அப்போதுதான் புரிந்தது. பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் தாங்களும் குடிக்கிற அப்பா அம்மாக்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர் அவர். எங்களையும் அப்படி நினைத்துவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். அணிலின் கண்ணிமையைத் தூக்கி டார்ச் அடித்துக்கொண்டே, "என்ன மருந்து? பயிருக்கு அடிக்கிறதா?" என்றார்.

"மரத்துக்கு" என்றார் ஜாக்கிரதை.

"பேரு?"

"வெள்ளைப் பொடிங்க. டிரம்ல போட்டு வெச்சிருக்கோம்."

"வெள்ளைப் பொடி ஆயிரம் இருக்கு. பேரு தெரியாம நான் எதை நினைச்சு வைத்தியம் பாக்குறது? பாக்கெட் எங்க, சாக்கு எங்க?"

ஜாக்கிரதை என்னைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன். அந்தப் பைதான் என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

துணிகளைத் தரையில் கொட்டிவிட்டுப் பையை உள்ளும் புறமுமாகத் திருப்பினேன். எழுத்துகள் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் படிக்க முடிந்தது. டாக்டரம்மா 'போரேட்' என்ற பெயரில் விரல் வைத்து, "இதுதான்" என்று நர்ஸிடம் ஏதோ சொல்லி அனுப்பினார். நான் மற்றதைப் படித்தேன். விழுங்கினால் ஆபத்து. உணவுப் பொருள், குடிநீர் பக்கத்தில் வைக்கக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டக் கூடாது. தொடர்ந்து உடம்பில் சேர்ந்தால் கருத்தரிப்புக்கும் வயிற்றில் வளரும் பிள்ளைக்கும் கெடுதல். கடைசி வரி, காலிச் சாக்கை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்பது. அந்த வரியின் மேலேயே என் தையல் ஓடியிருந்தது. இம்மியும் பிசகாத நேர்த் தையல்.

"இதுக்குன்னு தனியா விஷமுறிவு எதுவும் கிடையாது" என்றார் டாக்டரம்மா. "சலைன் ஏத்தி, யூரின் வழியா வெளிய போக வைக்கணும். கிட்னி தாங்கணும், வலிப்பு வரக் கூடாது. வயித்தால போறதுக்கும் இந்த விஷத்துக்கும் பாக்க வித்தியாசம் தெரியாது, ரெண்டுலயும் வாந்தி, ரெண்டுலயும் போக்கு. அதான் நீங்க மேல மேல குடுத்திருக்கீங்க. மொத்தம் எவ்வளவு குடுத்தீங்க?"

என் வீட்டுக்காரர் காற்றில் விரலால் பாட்டில் வரைந்து, எவ்வளவு குறைந்தது என்று காட்டினார். அவர் விரல் கீழே இறங்க இறங்க டாக்டரம்மா முகம் இறுகியது. "அவ்வளவும் உள்ள போயிருந்தா இந்த உடம்புக்கு ரொம்ப அதிகம்" என்றார். மூக்கைப் பிடித்து ஊற்றச் சொன்னது யார் என்று என் வீட்டுக்காரர் சொல்லவில்லை. அவர் அப்போது என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கையில் ஊசி ஏற்றிய பிறகு அணில் கண்ணைத் திறந்து சித்தப்பாவைத் தேடினாள். அவர் குனிந்தார். பக்கத்திலேயே நிற்கிற எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு அவர் காதில் சொன்னாள்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க சித்தப்பா."

"சொல்லல. என்னடா தங்கம்?"

"நான் மருந்தை முழுங்கல. கன்னத்துல வெச்சுக்கிட்டேன். அப்பா பாத்ரூமுக்குத் துணி எடுக்கப் போறப்பல்லாம் அம்மாவோட துணிக் கூடையில துப்பிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்பா மூக்கைப் புடிச்சப்ப மட்டும் முழுங்கிட்டேன்."

ஜாக்கிரதை ஓடினார். திரும்பி வந்தபோது என் மெஷினுக்கு அடியில் கிடக்கும் துண்டுத்துணிக் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். வீட்டைப் பூட்டினாரா என்று அவருக்கே நினைவில்லை. கூடையில் மேல்துணிகள் ஈரமாக இருந்தன. காய்ந்த ஓரங்கள் கஞ்சி போட்ட துணி மாதிரி விறைத்து, வெள்ளையாகப் பூத்திருந்தன. டாக்டரம்மா கையுறையோடு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அடித்துணி வரை நனைந்திருந்தது.

"நல்ல புள்ளை" என்றார். "பெரும்பாலும் வெளியதான் போயிருக்கு."

அவள் பிறந்ததிலிருந்து எந்தப் பழக்கத்துக்காக அவளைத் திட்டித் தீர்த்தேனோ, அடிக்கக்கூடக் கை ஓங்கினேனோ, அதுதான் அவளைக் காப்பாற்றியது. தாய் சொல் கேட்கிற பிள்ளையாக இருந்திருந்தால் எங்களுக்குப் பிள்ளை மிஞ்சியிருக்காது. அந்த ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து இதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

போலீஸ்காரர் ஜாக்கிரதையைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். "மருந்துன்னு எதுக்குய்யா எழுதுன?"

"தெரியாம யாரும் குடிச்சிடக் கூடாதுன்னுதான் சார்."

போலீஸ்காரர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது. "நீ போய் உக்காரு" என்றார்.

வலிப்பு வரவில்லை. கிட்னி தாங்கியது. ஆனால் அடுத்த நாள் அவள் முகமும் உள்ளங்கையும் வெந்நீர் கொட்டியது போலச் சிவந்தன. பிறகு தோல் உரிந்தது. உரிந்த கையை நீட்டி, "பாரு, நான் பாம்பு" என்று நர்ஸிடம் காட்டிச் சிரித்தாள். நர்ஸ் சிரித்தார். நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மாவும் அதே உப்புச்சர்க்கரைப் பாக்கெட்டுகளைக் கொடுத்தார். "வயிறு இன்னும் முழுசா சரியாகல. இதைக் கலக்கி..." என்று ஆரம்பித்தவர், எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்தினார். பாக்கெட்டை வாங்க யார் கையும் நீளவில்லை. கடைசியில் நான்தான் வாங்கினேன்.

வீட்டில் டிரம் இல்லை, பை இல்லை. பாட்டில்களையும் கூடையையும் அதில் கிடந்த துணிகளையும் ஜாக்கிரதை எங்கேயோ கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை. மெஷினுக்கு அடியில் புதுக் கூடை ஒன்று வாங்கி வைத்திருந்தார். அணிலைச் சமையலறைத் தரையில் உட்கார வைத்து, அவள் கண் முன்னாலேயே பாக்கெட்டைக் கிழித்து, டம்ளர் தண்ணீரில் கலக்கினேன். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விரல் இடுக்கு வழியாகச் சொன்னாள்: "மொதல்ல நீ குடி."

குடித்தேன். கொஞ்சம் உப்பு, கொஞ்சம் இனிப்பு. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாந்தி வருதா?"

"இல்லடா."

"இரு. கொஞ்ச நேரம் ஆகட்டும்."

சரி என்று உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரரும் ஜாக்கிரதையும் பட்டறைப் பக்க வாசலில் நின்றார்கள். நான் வாந்தி எடுக்கிறேனா என்று என் மகள் காத்திருந்தாள். அவளுக்குத் திருப்தியாகும் வரை அசையாமல் இருந்தேன். பிறகு கையை எடுத்துவிட்டு டம்ளரை வாங்கி ஒரு வாய் உறிஞ்சினாள். கன்னம் உப்பியது. அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

'முழுங்கு' என்ற வார்த்தை என் தொண்டை வரை வந்தது. நான் சொல்லவில்லை. எழுந்து போய்ப் புதுக் கூடையைக் கொண்டு வந்து, அவள் கைக்கு எட்டுகிற மாதிரி பக்கத்தில் வைத்தேன்.